ஆம்பளைச் சட்டையில் இரண்டு டாட்

முப்பது வருடமாக மனிதர்களை அளந்துதான் வயிறு வளர்க்கிறேன். யாருக்கு எவ்வளவு இடுப்பு, யாருடைய வலது தோள் இடது தோளைவிட அரை இஞ்ச் இறக்கம், எந்தப் பெரிய மனிதர் அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்வார், எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. புருஷன் அளவைப் பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டேன், பெண்டாட்டி அளவைப் புருஷனிடம் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரி அதே கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா எடுக்கிறாள். அவளிடம்கூட வாயைத் திறந்ததில்லை. இந்தத் தெருவில் இத்தனை குடும்பங்கள் இன்னும் ஒன்றாக இருப்பதற்கு நான்தான் காரணம் என்பது என் எண்ணம். அவள் எண்ணம் வேறு.

இப்போது சொல்லப் போகிற ஆளின் அளவையும் சொல்லியிருக்க மாட்டேன்தான். அவரே ஒரு நாள் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "சொல்லுங்கண்ணே. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு பேராவது தப்பிப்பாங்க" என்றார். மேசை ஆடியது. அதனால் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குச் சட்டை தைக்க முதன்முதலில் வந்தபோது அவர் மார்பு முப்பத்து நாலு. அதிலும் அரை இஞ்ச் வெறும் மூச்சு. உயரம் உண்டு, அகலம் கிடையாது. தெருவில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். பெரிய நகைக்கடை ஒன்றின் வாசலில் நின்று கதவு திறந்துவிடுவது அவருடைய வேலை. வருகிறவர்களுக்கு ஒரு வணக்கம், போகிறவர்களுக்கு ஒரு வணக்கம். நல்ல மனிதர், வாய் நிறையச் சிரிப்பார். அந்தக் கடைக்காரர்களுக்கு அது போதவில்லை.

ஒரு நாள் நகை வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு பணக்கார அம்மா இவரை மேலும் கீழும் பார்த்து, கையில் கொஞ்சம் சில்லறையைத் திணித்து, "வேளாவேளைக்குச் சாப்பிடுப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதை மேனேஜர் பார்த்துவிட்டார்.

"வாசல்ல நிக்கிறவனைப் பார்த்தா திருடன் பயப்படணும்" என்றாராம் மேனேஜர். "உன்னைப் பார்த்தா திருடனே மனசு கேக்காம எடுத்த நகையைத் திருப்பி வச்சிட்டு, கூட ஏதாவது குடுத்துட்டுப் போவான் போலிருக்கே!"

அடுத்த வாரமே இரண்டாவது வாசலுக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு தடியர் வந்து இறங்கினார். கடைக்கு வருகிறவர்கள் அந்த வாசலில் நின்று அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நம் ஆளிடம் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிப் போனைக் கொடுத்தார்கள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்த மனிதர். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மானம் போய்விட்டதே என்ற எரிச்சல் ஒரு பக்கம். நேரே போய் ஜிம்மில் சேர்ந்தார்.

ஜிம் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது. அதை நடத்துகிற மாஸ்டருக்கும் நான்தான் டெய்லர். அவருக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது; காலர் அளவு எடுக்கப் போனால் டேப் காதில் போய் முட்டும். மூன்று மாதம் இரும்பைத் தூக்கியும் ஒட்டடைக்குச்சி ஒட்டடைக்குச்சியாகவே இருந்ததைப் பார்த்து மாஸ்டர் சொன்னாராம்: "தம்பி, சாப்பாட்ட நம்பினா பத்து வருஷம் ஆகும். கோர்ஸ் எடு, பத்து வாரம்."

கோர்ஸ் என்றால் மாத்திரையும் ஊசியும். நம் ஆள் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து ஓடியவர். அதை மாஸ்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிச் சுவரைப் பிடித்து நின்றார். சீசாவில் ஒட்டியிருந்த எழுத்து எந்த மொழி என்று மாஸ்டருக்கே தெரியாது. "இது குதிரைக்குப் போடுறது. குதிரைக்கே ஒண்ணும் ஆகல, உனக்கு என்ன ஆகப் போகுது?" என்று தைரியம் சொன்னார். குதிரையை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

படிப்பில் பத்தாவதைத் தாண்டாத மனிதர், இந்த ஒரு கோர்ஸை மட்டும் விடாமல் படித்தார். ஒன்று முடிந்ததும் நடுவில் சில மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மாஸ்டரே சொன்னாராம். ஓய்வு கொடுத்தால் உடம்பு இளைக்கிறது என்று இவர் அடுத்ததில் சேர்ந்துவிட்டார். முப்பத்து நாலு முப்பத்து எட்டானது. முப்பத்து எட்டு நாற்பத்து ஒன்றானது. நாற்பத்து நாலு. நாற்பத்து ஏழு. நான் தைத்த சட்டை ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் முதுகில் கிழிந்து என்னிடமே திரும்பி வந்தது. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இவர் விஷயத்தில் ஆளே ஒன்றரை ஆகிவிட்டதால் ஆடைக்கு இடமில்லாமல் போயிற்று. தெரு பழைய பேரை எடுத்துவிட்டு அலமாரி என்று புதுப் பேர் வைத்தது.

மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் அலமாரி கதவை இழுத்த இழுப்பில் பித்தளைக் கைப்பிடி கழன்று கையோடு வந்தபோது, மேனேஜர் கோபப்படவில்லை. வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

வீட்டில் நடந்ததையெல்லாம் எனக்கு அவ்வப்போது சொன்னது அவர் மனைவி. அவள் ஒரு செருப்புக் கடையில் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கத் தரையில் மண்டியிட்டு, ஒரு நிமிடம் சும்மா நிற்காத குட்டிக் கால்களைப் பிடித்து அளவு பார்ப்பது வேலை. நானும் அளக்கிறவன், அவளும் அளக்கிறவள். அதனால் எங்களுக்குள் ஒரு ஒட்டுதல். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன்.

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு முட்டைண்ணே. வெள்ளை அவருக்கு, மஞ்சள் யாருக்கு? எனக்குப் பாத்தாலே குமட்டுது. பக்கத்து வீட்டுப் பூனை தின்னு தின்னு இப்ப மதில் ஏற முடியாம நிக்குது" என்பாள்.

முதுகெல்லாம் பரு வந்து அரிப்பெடுக்கும். ஆனால் கை முதுகுக்கு எட்டாது, நடுவில் அவ்வளவு சதை. கதவு நிலையில் சாய்ந்து மேலும் கீழும் தேய்த்துக்கொள்வாராம். முன்மண்டை முடி சீப்போடு வரத் தொடங்கியது. கோபம் வேறு. சிக்னலில் சிவப்பு விளக்கு தனக்கு மட்டும் அதிக நேரம் எரிகிறது என்று வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பத்தோடு சண்டைக்குப் போனதைத் தெருவே பார்த்தது. அரை மணி கழித்து சோப்பு விளம்பரத்தில் ஒரு நாய்க்குட்டி நனைவதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாராம்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். ஊசி விஷயம் அவளுக்குத் தெரியாது. வைட்டமின் என்று நம்பியிருந்தாள். சிரிக்காமல் சொன்ன விஷயம் ஒன்றே ஒன்றுதான். குழந்தை. நாலு வருடமாயிற்று, இல்லை.

சரி, இனி என் பங்குக்கு வருகிறேன். என் பங்கு நல்ல பங்கு இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் அலமாரி சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து பொருத்தினேன். "ஆ!" என்று பின்னால் துள்ளினார். அவர் துள்ளியதில் என் அயர்ன் பாக்ஸ் கீழே விழுந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே. லேசா வலி."

ஆண், பெண் இரண்டு பேருக்கும் தைக்கிறவன் நான். தொட்டவுடனே தெரிந்துவிட்டது. அது உழைத்து ஏறிய சதை இல்லை. இரண்டு பக்கமும் காம்புக்கு அடியில் கட்டியாக, மெத்தென்று, முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. சாதாரணமாகத் தைத்தால் சட்டை அந்த இடத்தில் கூடாரம் அடிக்கும்.

அவர் திரைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய முகத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "அண்ணே, இது வெளிய தெரியவே கூடாது. அவளுக்குக்கூட. தெரிஞ்சா நான் செத்தேன். ஏதாவது பண்ணுங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டாக்டரைப் பார் தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் புத்தி தையலுக்குத்தான் போயிற்று. கூனை மறைக்கத் தெரியாதவன் டெய்லரா? அக்குளுக்குக் கீழே இருந்து மார்பை நோக்கி, பெண்கள் சட்டையில் பிடிப்பதுபோல, பக்கத்துக்கு ஒரு டாட் பிடித்தேன். டாட் என்றால் துணியைச் சின்னதாக மடித்து உள்பக்கம் ஒரு தையல். மேடான இடத்தில் துணி தானாகப் படிந்துகொள்ளும். அதன் மேல் மூடிபோட்ட பாக்கெட் இரண்டு பக்கமும். உள்ளே கேன்வாஸ். வெளியிலிருந்து பார்த்தால் பாறை. காஜாகூட நானே எடுத்தேன், வீட்டுக்காரி கண்ணில் படக்கூடாது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்குச் சோறு வடித்துக் கொடுத்தவன் நான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், முப்பது வருடத்தில் நான் தைத்த சட்டைகளிலேயே அதுதான் உசத்தி. இரண்டு நாள் அதை நினைத்து நானே பூரித்துப் போய்த் திரிந்தேன்.

போன மாதம் நகைக்கடைக்கு வருடாந்திர யூனிபார்ம் ஆர்டர் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நீலத் துணி, ஒரே காலர், முன்பக்கம் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மடித்த பட்டி. அந்த வாரத்தில்தான் தங்கச்சி கடைக்கு வந்தாள்.

"அண்ணே, ரெண்டு கவுன் வேணும். தொளதொளன்னு. வயித்துல எதுவும் இறுக்கக் கூடாது."

நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். "அப்படியா! எத்தனை மாசம்?" என்று பல்லை இளித்துக்கொண்டு கேட்டேன். இன்று நினைத்தாலும் என் பல்லை நானே உடைக்கலாம் போலிருக்கிறது.

"அதுக்கு இல்லண்ணே" என்றாள். "புதன்கிழமை ஆபரேஷன். வயித்துல ஓட்டை போட்டு உள்ள கேமரா விட்டுப் பாக்கப் போறாங்க, என்கிட்ட என்ன கோளாறுன்னு. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, எதுலயும் ஒண்ணும் தெரியல. அதான்."

"அவருக்கு டெஸ்ட்?"

"மொத டாக்டர் எழுதிக் குடுத்தார். இவரு போகவே இல்ல, அந்தச் சீட்டு இன்னும் மேசை டிராயர்லதான் கிடக்கு. இப்ப பாக்குற டாக்டரம்மா இவரை மேலயும் கீழயும் பாத்தாங்க. 'உங்களுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கீங்க, மொதல்ல இவங்களப் பாப்போம்'னாங்க. எங்க அத்தையும் அதானே சொல்றாங்க? 'என் பையன் மலை மாதிரி இருக்கான், மண்ணு சரியில்லன்னா மழை என்ன பண்ணும்'னு போன்ல தினமும் ஒரு தடவை."

சொல்லிவிட்டு, அளவு எடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நாலு வருடத்தில் அவள் அளவு கால் இஞ்ச் மாறவில்லை. 

அவள் போனதும் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற அக்கா மருந்துப் படிப்புப் படித்தவர், ஆனால் மருந்தைவிடத் திட்டு அதிகம் கொடுப்பார். "அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..." என்று தொடங்கினேன்.

"அலமாரிதானே?" என்றார் அக்கா.

"ஆள் வேண்டாம்க்கா. பொதுவாச் சொல்லுங்க."

"பொதுவாவே சொல்றேன். ஆம்பளை ஹார்மோனை வெளியிலேர்ந்து ஊசியில ஏத்தினா உடம்பு என்ன பண்ணும்? தினமும் மூணு வேளையும் கடைச் சாப்பாடு வாசல்ல வந்து இறங்கினா வீட்ல எவ அடுப்புப் பத்தவைப்பா? அணைச்சிருவா. குழந்தை உண்டாகுற சமாச்சாரமும் அந்த அடுப்புல வேகுறதுதான். அது ஒண்ணு. ஏத்துனது மிஞ்சிப் போச்சுன்னா உடம்பு அதைப் பொம்பளை ஹார்மோனா மாத்தி வைக்கும். மார் வீங்கும், தொட்டா வலிக்கும். அப்புறம் ரத்தக் கொதிப்பு, இதயம் வீங்குறது, ஈரல் கெடுறது. போதுமா, இன்னும் பொதுவாச் சொல்லணுமா?"

போதும் என்று வந்துவிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாவத்துக்குச் சட்டை தைத்துப் போட்டவன் நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பெண்ணின் வயிற்றைப் புதன்கிழமை ஓட்டை போடப் போகிறார்கள். அவளிடம் சொல்லலாமா? என் வழக்கம் வாயைக் கட்டியது. அவரிடமே சொல்லுவோம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை யூனிபார்ம் ட்ரயலுக்கு அலமாரி வந்தார். திரைக்குப் பின்னால் வைத்து, அக்கா சொன்னதை அடுப்பு சமேதம் சொன்னேன்.

முதலில் சிரித்தார். பிறகு, "மாஸ்டர் பத்து வருஷமா போடுறார்" என்றார்.

"மாஸ்டருக்குக் குழந்தை இருக்கா தம்பி?"

யோசித்தார். அந்தக் கேள்வி அதுவரை அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. உடனே முகம் சிவந்தது. "நீங்க துணியை வெட்டுங்கண்ணே, டாக்டர் வேலை பாக்காதீங்க!" என்று கத்தினார். கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த நிமிடமே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூலின் ஒரு கால் போயிற்று. தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "நிறுத்தினா மறுபடி ஒட்டடைக்குச்சிண்ணே. அந்தச் சில்லறையை நான் கையில வாங்கியிருக்கேன். உங்களுக்கு அது தெரியாது. ஆபரேஷன்ல அவகிட்ட ஏதாவது கோளாறு இருக்குன்னு வந்தா எல்லாம் சரியாயிரும்."

என்ன பேச்சு பேசிவிட்டார் என்று அவருக்கே புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எழுந்து போய்விட்டார்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கத்தரியை வைத்துவிட்டுக் கத்தரியைத் தேடினேன். அந்தக் குழப்பத்தில், டாட் பிடித்து வைத்திருந்த அலமாரியின் இரண்டு சட்டைகளையும் மற்ற சட்டைகளோடு சேர்த்து வீட்டுக்காரியின் பக்கம் தள்ளிவிட்டேன்.

சனிக்கிழமை அவள் முடித்துக் கொடுத்த குவியலை அயர்ன் பண்ணும்போது கை நின்றது. ஆண் சட்டையில் காஜா இடப் பக்கம் வரும், பட்டன் வலப் பக்கம். பெண் சட்டையில் மாற்றி. அலமாரியின் இரண்டு சட்டையிலும் மாற்றி இருந்தது.

"ஏய், இது ஆம்பளைச் சட்டை!"

"டாட் பிடிச்சிருந்துச்சே" என்றாள் அவள் நிமிராமல். "ஆம்பளைச் சட்டையில எவன் டாட் பிடிப்பான்? அந்தக் கடையில யாரோ நல்ல உடம்புக்காரி போல, பாவம், எங்க போய்த் துணி எடுப்பாளோன்னு நெனச்சுக்கிட்டே காஜா போட்டேன்."

காஜா வெட்டினால் வெட்டினதுதான். முன்பக்கத்தையே கழற்றிப் புதுத் துணி வைத்துத் தைக்க வேண்டும். நேரம் இருந்தது, துணியும் மிச்சம் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு பட்டன் கோணலாக இருந்தால்கூடக் கடையை விட்டு வெளியே விட்டதில்லை நான். அந்தச் சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அழகாக மடித்து, அட்டை வைத்து, பையில் போட்டு அனுப்பிவிட்டேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கவனியுங்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் கடை திறக்கும்போதே தங்கச்சி வாசலில் நின்றாள். கையில் நீலச் சட்டை.

"காலையில புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு பட்டன் போட வரலன்னு திணறுறார்" என்றாள். "விரல் வேற வாழைப்பழம் மாதிரி. உக்காருங்கன்னு பின்னாடி நின்னு, கையை முன்னால விட்டு நான் போட்டு விட்டேன். எனக்கு ஈஸியா வருது. ஏன் எனக்கு மட்டும் ஈஸியா வருதுன்னு பாத்தா, தெனமும் என் கடை யூனிபார்ம் சட்டைக்குப் போடுற பக்கம். அப்படியே கைய உள்ள விட்டா இது தட்டுப்படுது." சட்டையைத் திருப்பி, உள்பக்கத் தையலில் விரலை வைத்தாள். "கை பட்டதும் 'ஆ'ன்னு கத்திட்டு, சட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டு, பழையதை மாட்டிக்கிட்டு ஓடிட்டார். இது என்னண்ணே?"

"யாரோட அளவையும் நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி" என்றேன். "சட்டை உன் கையிலதான் இருக்கு."

அவள் சட்டையை என் மேசையில் விரித்தாள். டாட் பிடித்த இடத்தில் உள்ளங்கையைக் குவித்து வைத்துப் பார்த்தாள். அளவு பார்த்துப் பழகிய கை. இடப் பக்கம் ஒரு தடவை, வலப் பக்கம் ஒரு தடவை. பிறகு பக்கத்து மருந்துக்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

மத்தியானம் அலமாரி மற்றச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க..." என்று ஆரம்பித்தவர், பெஞ்சைப் பார்த்ததும் நேரே திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த உடம்பை அந்தத் திரை மறைக்குமா? இரண்டு பக்கமும் தோள் தெரிந்தது.

"வெளிய வாங்க" என்றாள்.

இரண்டு தோளும் திரைக்குள் ஒடுங்கப் பார்த்தன.

"சட்டையைக் கழட்டுங்க."

"இங்க எப்படி... அண்ணன் இருக்கார், அண்ணி இருக்காங்க..."

"அண்ணன் பாத்தாச்சு. நான்தான் பாக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "ஆறு மாசமா என் முன்னாடி நீங்க சட்டையைக் கழட்டல. நான்தான் பிடிக்காமப் போயிட்டேன்னு நெனச்சேன். நாலு வருஷத்துல எத்தனை டாக்டர் முன்னாடி நான் துணியைக் கழட்டிட்டுப் படுத்திருக்கேன் தெரியுமா? ஒருத்தராவது வெக்கமா இருக்கான்னு என்னைக் கேட்டாங்களா? புதன்கிழமை இன்னொரு தடவை படுக்கணும். நீங்க ஒரு தடவை, எனக்கு முன்னாடி மட்டும், நிக்க மாட்டீங்களா?"

என் வீட்டுக்காரி எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். என்னைப் பார்த்து, திரும்பு என்று கை காட்டினாள். திரும்பிக்கொண்டேன். எதிரே கண்ணாடி இருந்தது. அது என் குற்றமில்லை.

திரை விலகியது. அவர் இரண்டு கையாலும் மார்பை மறைத்துக்கொண்டு, குளிக்கும்போது கதவு திறந்துவிட்டதுபோல நின்றார். அவள் கிட்டே போய் ஒவ்வொரு கையாக எடுத்துக் கீழே விட்டாள். பார்த்தாள். நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது. தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். கை வலித்துப்போய் உதறிக்கொண்டு, "ஐயோ, கல்லு மாதிரி வச்சிருக்கீங்க, அடிக்கக்கூட முடியல" என்று இன்னும் கோபப்பட்டாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். அவர் ஊசி முதற்கொண்டு எல்லாவற்றையும் தானே சொன்னாராம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க உடம்பைப் பாத்து நானே ஏமாந்துட்டேன், தப்பு என்னோடதும்தான்" என்று சொல்லிப் புதன்கிழமை ஆபரேஷனை ரத்து செய்தாராம். பிறகு இவருக்கு டெஸ்ட். ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியைக் காட்டியதும் அலமாரி மயங்கி விழுந்தார். தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். டெஸ்ட் முடிவு வந்திருந்தது: விந்தணு பூஜ்யம். குறைவு என்றுகூட இல்லை, பூஜ்யம். ரத்தக் கொதிப்பும் ஏறியிருந்தது. ஊசியை இனி தொடவே கூடாது. அணைந்த அடுப்பு திரும்ப எரிய ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். பெரும்பாலும் எரியும், ஆனால் சத்தியம் செய்து தர முடியாது. மார்புக் கட்டிக்குத் தனியாகச் சின்ன ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்.

"உடம்பு இளைச்சிரும்னு சொல்றாங்கண்ணே" என்றார். "வேலை?"

"கதவைத் திறக்க எவ்வளவு சதை வேணும்?" என்றாள் தங்கச்சி. "நான் தெறப்பேன் அந்தக் கதவை."

அப்போது அவர் போன் அடித்தது. அவருடைய அம்மா. எடுத்தார், அந்த விரல் பட்டதில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது. கடை முழுக்க அம்மாவின் குரல்.

"என்னப்பா, நேத்து ஆபரேஷன் ஆச்சா? போனே பண்ணல? அவளுக்கு என்ன குறையாம்?"

தங்கச்சி என் மேசையிலிருந்த நூல்கண்டு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டத் தொடங்கினாள்.

"அவளுக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றார். "என்கிட்டதான்."

"என்னது?"

"குறை என்கிட்டம்மா. டெஸ்ட் எடுத்தாச்சு. நீ என்னை நல்லாத்தான் பெத்த. நானே உடம்பு ஏத்துறேன்னு ஊசி போட்டுக் கெடுத்துக்கிட்டேன். நீ அவளைத் தெனமும் பேசினப்பல்லாம் நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கேட்டுக்கிட்டு, முட்டை தின்னுக்கிட்டு இருந்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "இனிமே சொந்தக்காரங்க யாராவது கேட்டா அவ பேரைச் சொல்லாத. என் பேரைச் சொல்லு. நீயே சொல்லணும்மா."

 லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"போனை அவகிட்ட குடு" என்றது குரல்.

தங்கச்சி நூல்கண்டைக் கீழே வைத்தாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மாமியார் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க ஆசை இல்லாமலும் இல்லை. வெகு நேரம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இல்லத்தை, நான் அழல" என்றாள் கடைசியில். "அந்தச் சத்தம் உங்க பையன்."